மைலேஜ் குறைந்தது ஏன்?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோலை அளந்துதான் போடுகிறார்கள். ஆனால் போட்ட பெட்ரோல் போன வழியை அளந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. "லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்த வண்டி, இப்போது பதினைந்துதான் கொடுக்கிறது" என்ற பேச்சை வாடகைக் கார் நிறுத்தங்களில் நாள்தோறும் கேட்கலாம். அதைத் தொடர்ந்து வரும் விளக்கங்களும் நாம் கேட்டுப் பழகியவைதாம். ஒருவர் கலப்படம் என்பார்; ஒருவர் எத்தனால் என்பார்; மற்றொருவர் காற்று வடிகட்டி அடைத்திருக்கும் என்பார்; மெக்கானிக் இன்ஜெக்டர் என்பார். எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணத்தால் எவ்வளவு குறையும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஒவ்வொரு காரணத்திற்கும் ஓர் அளவு உண்டு. குறைந்துபோன மைலேஜின் அளவையும், நாம் சந்தேகிக்கும் காரணத்தின் அளவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குற்றவாளி யார், நிரபராதி யார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். இதற்கு வேண்டிய இயற்பியல், நம் முதலாண்டுப் பாடநூலுக்கு அப்பால் இல்லை.

எடுத்துக்காட்டாக என் தாய்மாமாவின் வாடகைக் காரை எடுத்துக்கொள்கிறேன். அது வங்கிக் கடனில் வாங்கிய பெட்ரோல் வண்டி. மாதம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைத்தால் அதற்கு 167 லிட்டர் பெட்ரோல் போதும். 15 கிலோமீட்டர் என்றால் 200 லிட்டர் வேண்டும். லிட்டர் விலையை 100 ரூபாய் என்று கொண்டால், மாதம் 3,300 ரூபாய் வீண். அவர் வங்கிக்குக் கட்டும் தவணையில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு பணிமனையில் காட்டியபோது இன்ஜெக்டர்கள் நான்கையும், ஆக்சிஜன் சென்சாரையும், புகைக் குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியையும் புதிதாக மாற்ற வேண்டும் என்று சொல்லி, 28,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அத்தையின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போகும் நிலைமை. அந்தப் பணத்தைச் செலவிடுவதற்கு முன் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். மாமாவும் இசைந்தார்.

அளவு சரிதானா?

முதற்கண் மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதை உறுதி செய்ய வேண்டும். 500 ரூபாய்க்குப் போட்டுவிட்டு, எரிபொருள் முள் மீண்டும் கீழே வரும்வரை ஓட்டிப் பார்ப்பது அளவீடு ஆகாது. முள் காட்டுவது ஓர் உத்தேசமே. நம்பத்தக்க முறை, டேங்க்கை நிரப்பி அளப்பது. பம்பின் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், கூடுமானவரை அதே பம்பில், அதே போலக் குழாய் தானாக நிற்கும்வரை மீண்டும் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை பிடித்த பெட்ரோலே செலவான பெட்ரோல்.

இதிலும் பிழை உண்டு. குழாய் நிற்கும் இடம் ஒரு லிட்டர் முன்பின்னாக இருக்கலாம். 10 லிட்டர் பிடிக்கும்போது ஒரு லிட்டர் பிழை என்றால் அது 10 விழுக்காடு. 30 லிட்டர் பிடிக்கும்போது அதே பிழை 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆகவே டேங்க் பெரும்பகுதி காலியான பிறகு நிரப்புவதும், மூன்று முறை அளந்து சராசரி காண்பதும் நல்லது.

மீட்டரையும் விசாரிக்க வேண்டும். அது சாலையை அளப்பதில்லை; சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது. பழைய டயரைக் காட்டிலும் விட்டத்தில் 2 விழுக்காடு பெரிய டயரைப் போட்டால், சென்ற தூரத்தைவிட மீட்டர் 2 விழுக்காடு குறைத்துக் காட்டும். வண்டி அதே பெட்ரோலில் அதே தூரம் ஓடியிருக்கும். கணக்கில் மட்டும் மைலேஜ் குறைந்திருக்கும்.

இன்னொன்று. மைலேஜ் 18இலிருந்து 15ஆகக் குறைந்தால் அது 16.7 விழுக்காடு இறக்கம். ஆனால் பெட்ரோல் செலவு கூடியிருப்பது 20 விழுக்காடு. இக்குழப்பத்தைத் தவிர்க்க, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவதே சிறந்தது. அப்படிச் செய்தால் இழப்புகளை ஒன்றோடொன்று கூட்டவும் கழிக்கவும் முடியும். 18 கிலோமீட்டர் என்பது 100 கிலோமீட்டருக்கு 5.56 லிட்டர், 15 என்பது 6.67 லிட்டர். வித்தியாசம் 1.11 லிட்டர். நாம் தேட வேண்டியது இந்த 1.11 லிட்டரைத்தான்.

ஒரு லிட்டரின் வரவு செலவு

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகா ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. எத்தனால் 20 விழுக்காடு கலந்திருந்தால் ஏறத்தாழ 30 மெகா ஜூல். இதில் சக்கரத்திற்கு எவ்வளவு போய்ச் சேருகிறது?

ஆட்களோடு சேர்த்து 1,150 கிலோகிராம் நிறையுள்ள சிறு காரைக் கருதுவோம். சமதளச் சாலையில் சீராக ஓடும்போது அதனை இரண்டு விசைகள் தடுக்கின்றன. முதலாவது டயரின் உருளல் தடை. நல்ல சாலையில் இதன் குணகம் ஏறத்தாழ 0.012. ஆகவே தடை விசை 135 நியூட்டன். வேகம் கூடினாலும் இது அதிகம் மாறுவதில்லை. இரண்டாவது காற்றின் தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. சிறு காருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இது ஏறத்தாழ 117 நியூட்டன். 90 கிலோமீட்டர் வேகத்தில் 262 நியூட்டன். மொத்தத் தடை 60இல் 252 நியூட்டனாக இருந்து, 90இல் 397 நியூட்டன் ஆகிறது. அதாவது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சக்கரம் செய்ய வேண்டிய வேலை ஒன்றரை மடங்குக்கும் மேல். புறவழிச்சாலை திறந்தபின் மைலேஜ் குறைந்தது என்று ஒருவர் வருந்தினால், அவருடைய வண்டியைச் சோதிப்பதற்கு முன் அவருடைய வேகத்தைக் கேட்க வேண்டும்.

இப்போது, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் வண்டி செய்த வேலையைக் கணக்கிடுவோம். 252 நியூட்டனை 18,000 மீட்டரால் பெருக்கினால் 4.5 மெகா ஜூல். செலவிட்டதோ 30 மெகா ஜூல். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், சாலையை வெல்ல உதவியது 15 ரூபாய் மட்டுமே! மிச்சம் புகைக் குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போயிற்று. நின்ற இடத்தில் ஓடிய இயந்திரத்திலும், ஒவ்வொரு முறை பிரேக் மிதித்தபோதும் கரைந்தது. இதிலிருந்து ஒன்று புலனாகிறது. சக்கரத்தில் சிறு தடை கூடினாலும், அதை ஈடுகட்டப் பன்மடங்கு ஆற்றலைப் பெட்ரோலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பழி சுமப்பவர்களை நிறுத்துப் பார்ப்போம்

எத்தனால்: இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது, அதற்கு முன் 10 விழுக்காட்டுக் கலவை இருந்தது. எத்தனால் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 21 மெகா ஜூல்தான் தரும். கலவையின் ஆற்றலைக் கணக்கிட்டால், 10 விழுக்காட்டுக் கலவைக்கு 30.9 மெகா ஜூல். 20 விழுக்காட்டுக் கலவைக்கு 29.8. ஆக, ஆற்றல் குறைவு ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு. 100 கிலோமீட்டருக்கு 0.2 லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும். 18 கொடுத்த வண்டி 17.4 கொடுக்கலாம், ஆற்றல் கணக்கின்படி 15 ஆவதற்கு வழியில்லை. எத்தனாலுக்குப் பங்கு உண்டு. ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் ஏற்ற முடியாது.

டயர் காற்று: நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறைகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தாலும் இழப்பு 2 விழுக்காட்டுக்கு உட்பட்டதே. டயரின் ஆயுளுக்காகவும் உயிருக்காகவும் காற்றைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் 20 விழுக்காட்டு இழப்பை இது ஒன்றே விளக்காது.

காற்று வடிகட்டி: இதைப் பற்றிய நம்பிக்கை கார்ப்பரேட்டர் காலத்தது. அக்காலத்தில் வடிகட்டி அடைத்தால் காற்று குறைந்து, பெட்ரோல் விகிதம் கூடியது. இன்றைய கார்களில் உள்ளே போகும் காற்றின் அளவை அறிந்து, அதற்கேற்பவே கணிப்பொறி பெட்ரோலைத் தெளிக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கார்களில் அடைத்த வடிகட்டியால் வேகமெடுக்கும் ஆற்றல் குறைந்ததே தவிர, எரிபொருள் சிக்கனம் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை என்று கண்டார்கள். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவது இயந்திரத்திற்கு நல்லது. மைலேஜ் திரும்பும் என்று எதிர்பார்த்து மாற்றினால் ஏமாற்றமே மிஞ்சும்.

நின்றபடி ஓடும் ஏ.சி.: சவாரிக்காகக் காத்திருக்கும்போது ஏ.சி.யை ஓட விட்டால், சிறு கார்கூட மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரை குடிக்கும். அந்த நேரத்தில் மீட்டர் ஒரு மீட்டர்கூட நகராது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் மாதம் 30 லிட்டர். மாமாவின் மாத இழப்பு 33 லிட்டர் என்பதை நினைவிற்கொண்டால், இந்த ஒரு பழக்கமே ஒரு வண்டியின் மைலேஜைக் கவிழ்த்துவிடும் என்பது தெரியும். ஆகவே ஓட்டுபவரின் வழக்கத்தைக் கேட்காமல் வண்டியின் பாகத்தைக் கழற்றக் கூடாது. மாமா மரநிழலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருப்பவர். டயர் காற்றிலும் அவர் கறார். ஆகவே எங்கள் தேடலில் இவ்விரண்டும் விடுதலை ஆயின.

கணக்கு நோட்டு சொன்ன சேதி

மாமா கடன் தவணைக்காக வரவு செலவு எழுதி வருபவர். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு நாளும் மீட்டர் எண்ணையும் லிட்டரையும் நோட்டில் குறித்திருந்தார். அந்த எண்களைக் கொண்டு 14 மாதங்களுக்கு ஒரு வரைபடம் வரைந்தேன். புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறி இருந்தாலும், தொலைவில் வைத்துப் பார்த்தபோது அவற்றில் ஒரு வடிவம் தெரிந்தது. மைலேஜ் சிறிது சிறிதாகத் தேய்ந்து இறங்கவில்லை. இரண்டு படிகளாக இறங்கியிருந்தது. மே மாதத்தில் 18இலிருந்து 16.5 அளவுக்கு ஒரு படி. நவம்பர் மழைக்குப் பின் 15 அளவுக்கு மற்றொரு படி.

இது முக்கியமான தடயம். தேய்மானம் என்றால் சரிவாக இறங்கியிருக்க வேண்டும். படிபோல் இறங்கினால் அந்தக் காலத்தில் ஏதோ ஒன்று நிகழ்ந்திருக்க வேண்டும். இரண்டு படிகள் என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். மே மாத இறக்கத்திற்குக் கோடைக்கால ஏ.சி.தான் காரணம் என்றால், மழைக்காலம் தொடங்கியதும் மைலேஜ் ஏறியிருக்க வேண்டும், அது ஏறவில்லை.

பணிமனை சொன்ன பாகங்களையும் விசாரித்தோம். வண்டியின் கணிப்பொறியோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனர் கருவி ஒன்றை, நிறுத்தத்தில் உள்ள நண்பர் ஒருவர் வைத்திருந்தார். பெட்ரோல் இயந்திரத்தில், எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்குரிய விகிதம். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைச் சென்சார் மூலம் அறிந்து, கணிப்பொறி பெட்ரோலைச் சற்றே கூட்டியும் குறைத்தும் இவ்விகிதத்தைக் காக்கிறது. இன்ஜெக்டர் அடைத்தாலோ ஒழுகினாலோ இந்தத் திருத்தத்தின் அளவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மாமாவின் வண்டியில் திருத்தம் 5 விழுக்காட்டுக்குள்ளேயே நின்றது. சென்சாரின் மின்னழுத்தமும் ஓரிடத்தில் தேங்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வினையூக்கி மாற்றி அடைத்திருந்தால் மேட்டில் வண்டி திணறும், இவ்வண்டி திணறவில்லை. ஆக, 28,000 ரூபாய் மதிப்பீட்டில் இருந்த மூன்றின்மீதும் குற்றம் சாட்டச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

உருளவிட்டுப் பார்க்கும் சோதனை

இழப்பு இயந்திரத்தில் நேர்கிறதா, சக்கரத்தில் நேர்கிறதா? இதனைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. வண்டியைக் குறிப்பிட்ட வேகத்திற்குக் கொண்டுபோய், கியரை நியூட்ரலில் போட்டு, தானாக உருளவிட வேண்டும். வேகம் குறைய எடுக்கும் நேரம், சக்கரத்தின் மீதுள்ள தடையைக் கூறிவிடும். அதிகாலையில், போக்குவரத்தே இல்லாத சமதளச் சாலையில்தான் இதைச் செய்ய வேண்டும். இயந்திரத்தை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். நேரம் பார்ப்பவர் ஓட்டுபவராக இருக்கக் கூடாது.

சமதளம் என்று கண்ணுக்குத் தெரியும் சாலையில்கூடச் சரிவு இருக்கும். 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தாலே 1,150 கிலோகிராம் வண்டியின் மீது 56 நியூட்டன் விசை செயல்படும். ஆகவே ஒரே துண்டுச் சாலையில் போகும்போதும் வரும்போதும் செய்து, சராசரி காண வேண்டும். காற்று வீசுவதால் வரும் பிழையும் இதனால் பெரிதும் குறையும்.

மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டராகக் குறைய மாமாவின் வண்டிக்குச் சராசரியாக 31 வினாடிகள் ஆயின. அதே நிறுத்தத்தில் உள்ள, அதே வகையைச் சேர்ந்த மற்றொரு வண்டிக்கு 38 வினாடிகள். வேக மாற்றம் வினாடிக்கு 5.56 மீட்டர். நிறையை வேக மாற்றத்தால் பெருக்கி நேரத்தால் வகுத்தால் தடை விசை கிடைக்கும். மாமாவின் வண்டிக்கு 206 நியூட்டன், மற்றதற்கு 168. எங்கோ ஓரிடத்தில் 38 நியூட்டன் விசை மாமாவின் வண்டியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தது!

இவ்விசை எங்கே செயல்பட்டாலும் அங்கே வெப்பம் தோன்ற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 38 நியூட்டன் என்பது 630 வாட். ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டிக்குச் சமம். கூடுமானவரை பிரேக் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்து, நான்கு சக்கரங்களின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பார்த்தோம். முன்பக்க இடது சக்கரம் மட்டும் அனல் வீசியது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றியபோது மற்றச் சக்கரங்களைப்போல் அது தாராளமாகச் சுழலவில்லை. பிரேக் கேலிப்பர் வழுக்கி நகர வேண்டிய பின்கள், மழைநீர் புகுந்து துருவேறி இறுகியிருந்தன. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் கட்டை வட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. நவம்பர் மாதப் படி இதுதான். நிறுத்தத்தின் அருகிலிருந்த மெக்கானிக் பின்களைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் இட்டு, ஒரு பக்கமாகத் தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றிக் கொடுத்தார்.

மீதி எங்கே?

இந்த இடத்தில் பலரும் மகிழ்ந்து நின்றுவிடுவார்கள். ஆனால் அளவு பார்க்கிறவன் இங்கே நிற்க முடியாது. 38 நியூட்டன் விசை 100 கிலோமீட்டருக்குச் செய்யும் வேலை 3.8 மெகா ஜூல். கூடுதல் பளுவை இயந்திரம் 25 விழுக்காட்டுத் திறனோடு சமாளிக்கிறது என்று கொண்டால், அதற்கு 15 மெகா ஜூல் எரிபொருள் வேண்டும். அதாவது அரை லிட்டர். நாம் தேடியதோ 1.11 லிட்டர். கைக்குக் கிடைத்த குற்றவாளி பாதிக் களவுக்குக்கூட முழுதாகப் பொறுப்பல்ல. வரைபடத்தின் முதற்படி இன்னும் விளக்கப்படாமல் இருக்கிறது.

எங்கள் பேராசிரியர் ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி சொல்வது, "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று" என்பதாகும். ஆகவே பிரேக்கைச் சரிசெய்தபின் வேறெதையும் தொடாமல் மூன்று முறை டேங்க் நிரப்பி அளந்தோம். சராசரி 16.3 கிலோமீட்டர், அதாவது 6.13 லிட்டர். கணக்கு எதிர்பார்த்தது 6.17. வேலை செய்த இடம் சரி என்பதும், வேலை முடியவில்லை என்பதும் ஒருங்கே உறுதியாயின.

மே மாதத்தில் என்ன நடந்தது? நோட்டிலேயே பதில் இருந்தது. ரேடியேட்டர் குழாய் வெடித்து, ஒரு பணிமனையில் வேலை பார்த்ததாக ஒரு வரி. உடனே ஸ்கேனரில் இயந்திரக் குளிர்நீரின் வெப்பநிலையைப் பார்த்தோம். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகும் அது 68 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை. ஏறத்தாழ 85 முதல் 95 டிகிரி வரை இருக்க வேண்டிய இடம் அது. குழாயைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சிறு கதவு. நீர் சூடாகும்வரை அது மூடியிருந்து, நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும். சூடானதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். வெயில் மிகுந்த நம் ஊரில், "இது இருந்தால்தான் வண்டி கொதிக்கிறது, எடுத்துவிட்டால் குளிர்ச்சியாக ஓடும்" என்று சொல்லிக் கழற்றிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. குளிர்ச்சி நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வெப்ப இயந்திரத்திற்கு மிதமிஞ்சிய குளிர்ச்சி நட்டமே. எண்ணெய் தடித்து உராய்வு கூடுகிறது. எரிந்த வாயுவின் வெப்பம் உந்துதண்டைத் தள்ளுவதற்கு முன் சிலிண்டர் சுவர் வழியே கூடுதலாக வெளியேறுகிறது. இயந்திரம் இன்னும் முழுதாகச் சூடேறவில்லை என்று கருதும் கணிப்பொறி, கூடுதல் பெட்ரோலையும் தெளிக்கக்கூடும். இத்தனைக்கும் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. விளக்கு எரியாதது குறையே இல்லை என்பதற்குச் சான்று அல்ல. கணிப்பொறிக்குக் கேட்கச் சொல்லிக் கொடுத்த கேள்வியைத்தான் அது கேட்கும்.

புதிய தெர்மோஸ்டாட் பொருத்தி, மறுபடியும் மூன்று முறை அளந்தோம். சராசரி 17.6 கிலோமீட்டர், 5.68 லிட்டர். இப்போது களவுக் கணக்கை முடிக்கலாம். பிரேக் 0.54 லிட்டர், தெர்மோஸ்டாட் 0.45 லிட்டர், மீதி 0.12 லிட்டர். அந்த மீதி அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடுவது. அதற்காக இனி ஒரு திருகாணியையும் திருகத் தேவையில்லை. இரண்டு வேலைகளுக்கும் ஆன மொத்தச் செலவு, அந்த 28,000 ரூபாயில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தையின் வளையல்கள் கையிலேயே இருக்கின்றன.

தேடும் வரிசை

மைலேஜ் குறைந்தது என்று ஐயுறும் எவரும் பின்வரும் வரிசையில் தேடலாம். செலவில்லாதது முதலில், செலவு மிகுந்தது கடைசியில் என்பதே இதன் அடிப்படை.

1. டேங்க்கை நிரப்பி மூன்று முறை அளந்து, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுக. பழைய கணக்கு இருந்தால் வரைபடம் வரைக.

2. வண்டிக்கு வெளியே மாறியவற்றைக் கேட்க: பாதை, வேகம், சுமை, காத்திருக்கும் நேரம், ஏ.சி., ஓட்டுநர், பெட்ரோல் கலவை, டயரின் அளவு. கூரைமேல் சுமைச் சட்டம் இருந்தால் கழற்றி வைக்க.

3. டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பார்க்க. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் சக்கர நேர்மையைச் சரிபார்க்க.

4. உருளவிட்டுப் பார்க்க, சக்கரங்களின் சூட்டை ஒப்பிடுக. தடை மிகுதி என்றால் பிரேக், பேரிங் ஆகியவற்றை ஆராய்க.

5. உருளல் சரியாக இருந்தால் இயந்திரத்திற்கு வருக. முதலில் குளிர்நீரின் வெப்பநிலை, பின்னர் பெட்ரோல் திருத்த அளவு, ஆக்சிஜன் சென்சார், ஸ்பார்க் பிளக்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியபின் அளக்க. எதிர்பார்த்த அளவு திரும்பாவிட்டால் இன்னொரு காரணம் இருக்கிறது என்று கொள்க.

முடிவுரை

பணிமனைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்வது என் கருத்தன்று. பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தவரும் ஒரு மெக்கானிக்தான். அவர் விரல்களுக்குத் தெரிந்த பல செய்திகள் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆனால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி "மைலேஜ் இல்லை" என்று மட்டும் சொன்னால், அவரும் ஊகிக்கத்தான் செய்வார். ஊகத்தின் விலையை நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும். "வண்டி உருளும்போது இவ்வளவு விசை கூடுதலாக இழுக்கிறது, குளிர்நீர் 68 டிகிரிக்கு மேல் ஏறவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம். நமக்குப் பாதிப் பணம் மிச்சம்.

நியூட்டனின் விதிகளைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். விடைத்தாளில் எழுதிவிட்டு மறந்துபோகிறோம். அவற்றைக் கொண்டு ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் 3,000 ரூபாயை மீட்க முடியும் என்றால், அவை வெறும் மதிப்பெண்ணுக்கு உரியவை அல்ல. கைக்கடிகாரமும், நோட்டும், பென்சிலும் நம் எல்லோரிடமும் இருக்கின்றன. காரணம் சொல்வதற்கு முன் "எவ்வளவு?" என்று கேட்கும் பழக்கம் ஒன்றைத்தான் நாம் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும்.